புகை வெளியே போனால்தான் நான் வீட்டுக்குப் போவேன்

புகைபோக்கி வேலையில் ஒரு விசேஷம் உண்டு: ஒழுங்காகச் செய்தால் நம் ஞாபகமே யாருக்கும் வராது, கொஞ்சம் பிசகினால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் கண்ணீரோடு நம்மை நினைத்துக்கொள்வார்கள். குழாய் வேலை, கரண்டு வேலை என்று மொட்டைமாடியில் காய்கிற நீங்கள் எல்லோரும் இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

திருவண்ணாமலையில் பதினெட்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. புகையில்லா அடுப்பில் ஆரம்பித்தேன். பிறகு குளியலறை விறகு பாய்லர். இப்போது வசதியானவர்கள் குளிர்காயக் கேட்கிற கணப்பு வரைக்கும் வந்துவிட்டேன். எனக்கு ஒரே ஒரு பிடிவாதம். புகை முழுக்கக் கூரைக்கு மேலே போவதைக் கண்ணால் பார்க்காமல் வீட்டை விட்டு இறங்க மாட்டேன். அடைத்த அறையில் நெருப்பு எரிந்தால் ஒரு விஷவாயு சேரும். கண்ணுக்கும் தெரியாது, வாடையும் இருக்காது, ஆளைத் தூக்கம் மாதிரியே சாய்த்துவிடும். அதனால் எவ்வளவு பெரிய மனிதர் அவசரப்படுத்தினாலும் நான் அசைவதில்லை.

மேஸ்திரி வரட்டும்

கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை மண்டி வைத்திருக்கும் ஒருவர் போன் செய்தார். அடுப்படியில் புகை திரும்புகிறதாம். குழாய் கூரையைவிட ஒரு சாண்தான் உயர்ந்திருந்தது, திரும்பாமல் என்ன செய்யும்? நான் ஏணியும் தகரக் குழாயுமாக ஆட்டோவிலிருந்து இறங்கினேன். அவர் என்னைத் தாண்டி ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். "மேஸ்திரி வரலியாம்மா?" என்றார்.

விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. "வந்துடுவாருங்க, நீங்க மண்டிக்குப் போயிட்டு வாங்க" என்றேன். பொய்தான். மதியம் அவர் திரும்பியபோது குழாய் நாலடி உயர்ந்து நின்றது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அவர் மனைவி கண்ணைத் துடைக்காமல் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தார். மனிதர் வெளியே போய் மேலே பார்த்தார், உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தார், ரொம்பத் திருப்தியாக என்னிடம் சொன்னார்:

"நீயே முடிச்சுட்டியா? அப்ப அந்த மேஸ்திரிக்குப் போனப் போட்டு வர வேணாம்னு சொல்லிடும்மா."

குரங்கும் கோணிப்பையும்

அடி அண்ணாமலையில் ஒரு வீட்டுக்குப் பாய்லர் வைத்துக் கொடுத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து வீட்டுக்காரர் ஏழுமலை போனில், "சாந்தி அக்கா, பாய்லர் கெட்டுப்போச்சு, பொண்ணு குளிச்சுட்டு வெளிய வந்ததும் மயங்கி உக்காந்துட்டா" என்றார். பாய்லரை அணைத்து ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு, பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் சொல்லிவிட்டு, போட்டது போட்டபடி கிளம்பினேன்.

கூரையில் ஏறினால் குழாயின் மூடியைக் காணோம். குரங்கு பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. மழை இறங்குமே என்று இவர் குழாய் வாயில் ஒரு கோணிப்பையைத் திணித்து, மேலே கல்லும் வைத்திருக்கிறார். பையை உருவி அவர் காலடியில் போட்டேன். வாயில் வந்ததை எல்லாம் திட்டினேன். பெண் மறுநாளே தேறிவிட்டது, அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அந்த வாரமே வெல்டர் முருகனை அழைத்துப் போய், கம்பி வலை வைத்த கனமான மூடியாகச் செய்து நாலு போல்ட் போட்டு முடுக்கினோம். நாங்கள் இறங்குவதற்குள் பெரிய குரங்கு ஒன்று வந்து இரண்டு கையாலும் மூடியை உலுக்கியது, சுற்றி வந்து மறுபடி உலுக்கியது, பல்லைக் காட்டிவிட்டுப் போய்விட்டது. பதினெட்டு வருடப் படிப்புக்குப் பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு. கீழே நின்ற ஏழுமலை தலையைச் சொறிந்தார்.

"கொரங்காலயே கழட்ட முடியல. இனிமே நானும் கை வெக்கலக்கா."

பால் காய்ச்சாத வீடு

வேங்கிக்காலில் புது வீடு கட்டிய ஒரு தம்பதி. உதகைப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். கமலா அம்மாவுக்கு மார்கழிக் குளிரில் விரல் மடங்காது. அதோடு மூச்சிரைப்பும் உண்டு. மனைவிக்காக சார் கணப்பு கேட்டார். அறைக்குள் ஒரு இழை புகைகூட வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் இரண்டு நாள் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டேன். நெருப்புச் செங்கல் வைத்துக் கட்டி, முன்னால் சூடு தாங்கும் கண்ணாடிக் கதவு போட்டு, குழாயை மாடிக்கு மேலே ஏற்றினேன்.

கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் முன்னால் எரித்துப் பார்க்கலாம் என்று போனால், கமலா அம்மா குறுக்கே நின்றுவிட்டார். பால் காய்ச்சாத வீட்டில் வேறு நெருப்பு மூட்டக்கூடாது. அதுவும் நியாயம்தான். ஆனால் பார்க்காமல் என்னால் விட முடியாதே. "சாம்பிராணி போடலாமாம்மா?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் நாலு கங்கு வாங்கி, கணப்புக்குள் வைத்து, ஒரு பிடி சாம்பிராணி தூவினேன்.

புகை மேலே போகவில்லை. தயங்கித் தயங்கிக் கூடத்துக்கே திரும்பியது. கமலா அம்மா இருமிக்கொண்டே வாசலுக்குப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது. மாடிக்கு ஓடினால் என் குழாய்க்குப் பக்கத்திலேயே, குழாயைவிட உயரமாகப் புதுத் தண்ணீர்த் தொட்டி. நான் குழாயை ஏற்றிவிட்டுப் போன பிறகு வைத்திருக்கிறார்கள். அதில் மோதிய காற்று அப்படியே குழாய்க்குள் இறங்குகிறது. தொட்டி எங்கே வரும் என்று கேட்காதது என் தப்பு. சாரோ, "பத்திரிகையெல்லாம் குடுத்தாச்சு, பெயிண்ட்டும் அடிச்சாச்சு. அப்பறமா பாத்துக்கலாம்மா, கொஞ்சம் கம்மியாத்தானே வருது" என்றார். "கம்மியா வந்தாலும் அம்மா நெஞ்சுக்குள்ளதான் சார் போவும்" என்றேன். அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "சரி, ஏத்திடும்மா" என்றார்.

முருகனும் நானும் இரண்டு நாள் மாடியிலேயே கிடந்து, குழாயைத் தொட்டிக்கு மேலே ஏற்றி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினோம். மூன்றாம் நாள் மறுபடி கங்கு, மறுபடி சாம்பிராணி. மாடியில் நின்ற முருகன் கையை உயர்த்தினான். வெள்ளைப் புகை தொட்டியைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. கூடத்தில் கமலா அம்மா இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"வாசனை கொஞ்சங்கூட உள்ள வரலியே. சாமிக்குத் தனியா இன்னொரு தடவ போடணும் போலயே."

துண்டு

நெருப்புக்கு மூச்சு வேண்டும் என்று கணப்புக்குப் பக்கத்துச் சுவரில், தரையோடு ஒரு கை அகலத்துக்கு ஓட்டை போட்டு வலை அடித்திருந்தேன். "குளிருக்குத்தானே நெருப்பு கேட்டோம், குளிர் வர்றதுக்கு நீயே வழி வெக்கிறியே" என்று சார் அப்போதே முணுமுணுத்தார். மார்கழியில் ஒரு காலை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கணப்பு எரிந்துகொண்டிருந்தது. ஓட்டையில் சாரின் துண்டு.

எனக்கு வந்த கோபத்தில் காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை. "பாருங்க சார்" என்று கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்தேன். தீ சோம்பிப்போய், கண்ணாடி கறுத்து, விறகு புகைந்துகொண்டிருந்தது. துண்டை உருவினேன். சிறிது நேரத்தில் தீ நிமிர்ந்து கொழுந்துவிட்டு எரிந்தது. "இன்னிக்குத்தான் வெச்சேன். அவ கால்ல ஜாஸ்தி காத்து அடிக்குதுன்னு..." என்றார் சார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, என் கோபமும் அதோடு போய்விட்டது. கமலா அம்மாவின் நாற்காலியை ஓட்டைக்கு எதிர்ப்பக்கம் நகர்த்திப் போட்டோம். சார் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கமலா அம்மா உள்ளே போய், மூச்சிரைப்புக்கு வாயில் வைத்து இழுக்கிற மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"போன மார்கழில இதுல மூணு காலியாச்சு சாந்தி. இந்த வருஷம் இன்னும் பிரிக்கவேயில்ல, பாரு."

எத்தனையோ வீட்டுப் புகையை வெளியே அனுப்பிவிட்டேன், எனக்குள் சேர்ந்துபோன இந்தப் பெருமையை வெளியேற்றத்தான் இன்னும் ஒரு குழாய் அகப்படவில்லை.