கிளட்சில் ஏர் எடுத்த காலை

மகளுக்குக் கறம்பக்குடியில், மாமியார் வீட்டில் வளைகாப்பு. சடங்கு முடிந்ததும் பிரசவத்துக்கு அவளை அரிமளத்துக்கு அழைத்து வர வேண்டும். நான் அதிகம் பேசாதவன். ஆனாலும் சம்பந்தியிடம், "வேற வண்டி வேணாங்க, எங்க கார்லயே வந்து கூட்டிக்கிறோம்" என்று சொல்லியிருந்தேன். அண்மையில் வாங்கிய பழைய கார்தான். மகள் இன்னும் அதில் ஏறியதில்லை.

அன்று காலை பூஜை போட்டுவிட்டு உட்கார்ந்து கிளட்சை மிதித்தேன். தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கியர் விழவில்லை.

பானெட்டைத் திறந்தால் கிளட்ச் ஆயில் டப்பா காலியாகும் நிலையில் இருந்தது. குழாயை விரலால் தடவிக்கொண்டே போனேன். கியர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நட்டு தளர்ந்து கசிந்திருந்தது. இறுக்கி, ஆயில் ஊற்றினேன். இனி குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் கிளட்சை மிதித்துப் பிடிக்க, கீழே ஒருவர் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மனைவியைக் கூப்பிட்டுவிட்டு அடியில் படுத்தேன்.

"மிதி."

"ம்."

திறந்தேன். கொஞ்சம் நுரை வந்தது. மூடினேன். "விடு."

திரும்பத் திரும்பச் செய்தும் கிளட்ச் பஞ்சு மாதிரியே இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் பைக்கை நிறுத்தினார். "என்ன மச்சான், அக்காவுக்கு டிரைவிங் கிளாஸா? சத்தமாச் சொல்லுங்க, அக்காவுக்கே கேக்கல போல."

வெட்கத்தோடு வெளியே வந்தேன். மனைவி கதவோரம் மண்டியிட்டு, இரண்டு கையாலும் கிளட்சை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொட்டு வச்ச எடத்துல எப்படிங்க கால வைக்கிறது?"

பூஜையில் ஸ்டியரிங்கோடு சேர்த்து மிதிகளுக்கும் அவள் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள்.

"நான் வைக்கலையா?"

"நீங்க டிரைவரு. சாமி ஒண்ணும் சொல்லாது."

"கையால பாதிதான் போகுது. காத்து வெளிய வராம உள்ளுக்குள்ளயே ஓடுது. அங்க புள்ள காத்துக்கிட்டிருக்கும்."

அவள் கிளட்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டில் ஏறினாள்.

"மிதி!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

இந்த முறை காற்று படபடவென்று வெடித்து, ஆயில் என் முகத்தில் அடித்தது. இன்னும் சில தடவை மிதிக்க, நுரையில்லாமல் ஆயில் மட்டும் வந்தது. கிளட்ச் இறுகியது. கியர் விழுந்தது.

வளைகாப்புக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். சட்டையில் ஆயில் கறை ஏன் என்று சம்பந்தி கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "கிளட்சுல ஏர் புடிச்சிருச்சுங்க. நான்தான் எடுத்தேன்."

வளையல் குலுங்க மகள் பின்சீட்டில் ஏறினாள். "கால நீட்டிக்க நல்லா எடம் இருக்குப்பா" என்றாள்.