கண்ணை மூடாத ஜெபம்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு சித்திரை மாதக் காலையில், திருச்சியில் ஒரு மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன் என்னுடைய ஒரு திருட்டுத்தனத்தைச் சொல்லிவிட வேண்டும்.

துவாக்குடி பக்கம் ஒரு பட்டறையில், வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. மயிரிழை பிசகினாலும் சிவப்பு சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். இந்த வியாதி என்னோடு வீட்டுக்கும் வந்தது, சபைக்கும் வந்தது. எங்கள் காட்டூரில் புதன்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். நான் ஜெபித்தால் திக்கல் திணறல் இருக்காது, கொட்டும். ரகசியம் என்னவென்றால், அத்தனையும் எழுதி வைத்தது. நாலு தடவை அடித்துத் திருத்தி, அழகாகப் படியெடுத்து, வேதப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டு போவேன். எல்லோரும் பக்தியோடு கண்ணை மூடியதும், நான் கண்ணைத் திறந்து படிப்பேன். பிறந்தநாளுக்கு ஒரு தாள், புதுவீட்டுக்கு ஒரு தாள், நோயாளிக்கு ஒரு தாள். ஆண்டவர் முன்னால் பிழையோடு போய் நிற்பதாவது?

என் சிவப்பு வட்டங்களை அதிகம் வாங்கியவர் ஒரு வெல்டர், ஸ்ரீரங்கத்துக்காரர். அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முந்தின நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தார்.

"எல்லா சாமிகிட்டயும் சொல்லியாச்சு சார். உங்க சாமிதான் பாக்கி. நீங்க நல்லா ஜெபம் பண்ணுவீங்கன்னு சொன்னாங்க. காலைல கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

என் புகழ் பட்டறை வரைக்கும் வந்துவிட்டதே என்று எனக்கு உள்ளூரப் பெருமை. வீட்டுக்குப் போய் நோயாளித் தாளை எடுத்து, இன்னும் இரண்டு இடத்தில் மெருகு ஏற்றினேன்.

மறுநாள் காலை அந்த அம்மாவைப் பச்சை உடுப்பு மாட்டி, இரட்டைச் சடை பின்னித் தயாராக வைத்திருந்தார்கள். தலையணைக்குப் பக்கத்தில் கோயில் துளசி, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. விரல்கள் அந்தக் கயிற்றையே உருட்டிக்கொண்டிருந்தன. நான் வேதப் புத்தகத்தைப் பிரித்து, "ஜெபிப்போம்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

யாரும் கண்ணை மூடவில்லை.

அவர்கள் சாமியைக் கண்ணாரப் பார்த்துக் கும்பிட்டே பழகியவர்கள். இருவரும் கைகூப்பி, தீபாராதனையைப் பார்ப்பது போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாளைத் தொட்ட விரலை எடுத்துவிட்டேன். நன்றாக ஜெபிப்பவர் என்று என்னைக் கூட்டி வந்தவர் எதிரிலேயே பார்த்துப் படிப்பதா? கண்ணை மூடிக்கொள்ளும்படி மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

அந்த அம்மா சொன்னார்: "மூடுனா பயமா இருக்குங்க சார். இன்னும் கொஞ்ச நேரத்துல ஊசி போட்டு அவங்களே மூட வச்சிருவாங்க. இப்பவாச்சும் தெறந்து வச்சுக்கறனே."

ஏசி அறையில் எனக்கு மட்டும் வியர்வை ஆடி மாதக் காவிரி. "கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே" என்று ஆரம்பித்தேன். அடுத்த வரி வரவில்லை. மறுபடி பரம பிதாவே. மூன்றாவது முறையும் அதே பரம பிதாவே. குளிர்காலத்தில் பழைய ஸ்கூட்டரை உதைப்பது போல உதைத்துக்கொண்டிருந்தேன். வெல்டர் ஆவலாகப் பார்க்கிறார். ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் வராந்தாவில் கேட்கிறது. அப்போது வாயில் என்ன வந்ததோ அதுதான் வந்தது.

"ஆண்டவரே, இந்தத் தங்கச்சி பயப்படுது. எனக்கும் பயமா இருக்கு. என்ன பேசறதுன்னு தெரியல. நீங்க கூட இருங்க."

ஆமென் சொல்லக்கூட மறந்துவிட்டேன். "அவ்வளவுதானா சார்?" என்றார் வெல்டர், எடை குறைந்த மளிகையைப் பார்ப்பது போல. ஆனால் அந்த அம்மா கூப்பிய கையை இறக்கி, கயிற்றைத் தொடாமல் மடியில் வைத்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சரில் ஏறியபோது என்னிடம் சொன்னார்: "எல்லாரும் தைரியமா இரு, தைரியமா இருன்னே சொன்னாங்க. எனக்கும் பயமா இருக்குன்னு நீங்க ஒருத்தர்தான் சார் சொன்னீங்க."

வெளியே வெல்டரோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நடுவில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு அடித்தல் இல்லை, ஒரு பிழை இல்லை. நோயாளியின் பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக ஒரு கோடு. கடைசி நேரத்தில் பென்சிலால் நிரப்பிக்கொள்வது என் வழக்கம். அன்று பெயரைக் கேட்கவே மறந்திருக்கிறேன். இத்தனை வருடம் இதைத்தான் நான் ஜெபம் என்று சொல்லி வந்திருக்கிறேன். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவர் மனைவியின் பெயரை வெல்டரிடம் கேட்டேன்.

மதியம் டாக்டர் வந்து, கட்டியை எடுத்தாகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். வெல்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அடுத்த புதன்கிழமை தாள் இல்லாமல் ஜெபித்தேன். பாதியில் தடுமாறி, சொன்னதையே சொல்லி, சீக்கிரம் முடித்துவிட்டேன். திரும்பும் வழியில் என் மனைவி, "இன்னைக்குத்தான் நீங்க கண்ணை மூடி ஜெபம் பண்ணுனீங்க" என்றாள். அப்படியானால் இத்தனை நாளும் நீயும் கண்ணை மூடவில்லையா என்று கேட்டேன். அவள் முன்னால் நடையை எட்டிப் போட்டாள்.

பட்டறையில் இன்றைக்கும் சிவப்பு வட்டம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அந்த வெல்டருக்கும் சேர்த்து. ஆனால் ஜெபிக்க நிற்கும்போது வாய் குழறினால் இப்போது பதறுவதில்லை. கோணலாக வருகிறவனையும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பாத ஒருவர் முன்னால்தான் நிற்கிறேன் என்பதை, கண்ணை மூட மறுத்த அந்த அம்மாவிடம்தான் நான் தெரிந்துகொண்டேன்.