கவர்னரும் எங்கள் அண்ணியும்

அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு மாநிலத்துக்கு கவர்னராக இருந்தவரின் வாழ்க்கை வரலாற்றை நான் மொழிபெயர்க்க ஆரம்பித்த சமயத்தில்தான், என் கணவரின் அக்கா ஏனாத்தூரைத் தாண்டி இருக்கும் ஒரு சின்ன கிராமத்துக்கு ஊராட்சித் தலைவரானார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஏதாவது வேலையாகக் காஞ்சிபுரம் வந்தால் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். கை கழுவிக்கொண்டே, "உன் கவர்னர் இன்னா பண்றாரு?" என்பார், ஏதோ எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவரை விசாரிப்பதுபோல.

முதல் அத்தியாயத்தைச் சொன்னபோதே அண்ணி மடக்கினார்.

"கவர்னர்னா டெல்லியிலருந்து அனுப்புவாங்க. இந்த ஆளு எதுக்குமா வண்டி கட்டிக்கினு ஊர் ஊரா ஓட்டு கேக்கறாரு?"

"அங்க கவர்னருக்கும் ஜனங்கதான் ஓட்டு போடணும் அண்ணி. நம்ம முதலமைச்சர் மாதிரி."

"அப்ப முதலமைச்சர்னே எழுதிடேன்."

பதிப்பாளரும் இதையேதான் சொன்னார். நான் பிடிவாதமாக கவர்னர் என்றே வைத்துக்கொண்டு, முன்னுரையில் ஒரு பக்கம் விளக்கம் எழுதினேன்.

அண்ணிக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. அவரும் விவசாய வீட்டுப் பிள்ளை. உள்நாட்டுப் போரில் காலில் குண்டு வாங்கி, ஆயுள் முழுக்க விந்தி விந்தி நடந்தவர். வக்கீலாகி, கட்சியில் சேர்ந்து, மேடையில் சுமாராகப் பேசியும் எப்படியோ ஜெயித்தவர். "நானும் சுமாராத்தான் பேசுவேன்" என்றார் அண்ணி, மோரைக் குடித்தபடி. அது உண்மையில்லை. அண்ணி பேச ஆரம்பித்தால் ஷேர் ஆட்டோவே நின்று கேட்கும்.

புத்தகத்தின் நடுவில் ஒரு சுரங்க வேலைநிறுத்தம் வருகிறது. முதலாளிகள் பட்டாளத்தை அனுப்பச் சொல்கிறார்கள். கவர்னர் மறுத்துவிட்டு, தான் மட்டும் ரயிலேறிப் போய் சுரங்கத்து வாசலில் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசுகிறார். அதைக் கேட்டு அண்ணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"தனியாவா போனாரு? அடிச்சிருந்தா?"

"அடிக்கல."

"நல்ல நேரம் அவருக்கு" என்று மறுபடி சோற்றைப் பிசைந்தார்.

அந்தக் கோடையில் அண்ணியின் ஊரில் தண்ணீர்த் தொட்டி மோட்டார் எரிந்துபோனது. புதுசு வருவதற்குள் பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டை மறித்துவிட்டார்கள். கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக நின்றன. அண்ணி அப்போது எங்கள் வீட்டில் இருந்தார். போனில் துணைத்தலைவர் போலீஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டது எனக்கும் காதில் விழுந்தது.

"போலீஸ் எதுக்குபா? அவங்க இன்னா திருடினாங்களா? நான் வந்துக்கினு இருக்கேன்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர் என்னைப் பார்த்தார். "நீயும் வா. நான் தனியா போவ மாட்டேன்."

போனோம். அண்ணி நேராக முன்வரிசையில் தார் ரோட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பெண்மணி, "நீயே மறியல் பண்ணா யார்கிட்டமா கேக்கறது?" என்று கத்தினார். "எனக்கு மேல இருக்கறவங்கள சேர்ந்து கேப்போம், வா" என்றார் அண்ணி. சுற்றிலும் சிரிப்பு. போனை ஸ்பீக்கரில் போட்டு ஒன்றிய அலுவலகத்துப் பொறியாளரைக் கூப்பிட்டார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச, அந்த மனிதரால் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் லாரியில் தண்ணீர் வந்தது. அடுத்த நாள் மோட்டாரும் வந்தது.

கவர்னர் அடுத்த தேர்தலில் தோற்றார். சுரங்க முதலாளிகள் சும்மா விடுவார்களா? அந்த அத்தியாயத்தை அண்ணியிடம் சொல்லத் தயங்கினேன். கடைசியில் சொல்லிவிட்டேன்.

"அப்புறம் இன்னா பண்ணாரு?"

"ஊருக்குத் திரும்பிப் போய் ஆப்பிள் தோட்டம் போட்டாரு. ரொம்ப வயசு வரைக்கும் நல்லா இருந்தாரு."

"பரவால்லியே" என்றார்.

அண்ணிக்குத் தோற்கும் வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. பதவிக்காலம் முடிந்ததும், இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் அந்தத் தலைவர் பதவி வேறு பிரிவினருக்குப் போய்விட்டது. வருத்தம்தான், மறைக்கவுமில்லை. பிறகு கல்லூரி பஸ் நிறுத்தத்தில் ஒரு டிபன் கடை போட்டார். பசங்கள் அவரை இன்னமும் "பிரசிடென்ட் அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். குழாய் ரிப்பேர், தெருவிளக்கு என்று ஊர்க்காரர்களும் முதலில் கடைக்குத்தான் வருகிறார்கள். தோசையைத் திருப்பிக்கொண்டே புதுத் தலைவருக்குப் போன் போட்டு, "தம்பி, மூணாவது தெருவுல லைட் எரியலபா, கொஞ்சம் பாரு" என்கிறார். அவரும் பார்க்கிறார்.