அட்மிரல் போட்ட சட்டம்

வீடு வீடாகப் போய் மின் மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமையானால் கடற்படைத் தளபதி ஆகிவிடுவார் என்று கல்யாணத்துக்கு முன்னால் தையல்காரியிடம் யாரும் சொல்லவில்லை. அட்மிரல் என்ற பட்டத்தைப் பிற்பாடு அவருக்குக் கொடுத்ததே அவள்தான். கேலிக்குத்தான் கொடுத்தாள். அந்த மனிதர் உச்சி குளிர்ந்துபோய், அதைத் தொப்பியில் ஜரிகை நூலால் தைத்துத் தரச் சொன்னார். தைத்தும் கொடுத்தாள். அந்த வெட்கக்கேட்டை யாரிடம் போய்ச் சொல்வது.

வீட்டில் வெளிச்சம் வருகிற அறை ஒன்றே ஒன்று. அதில் ரிமோட்டில் ஓடும் போர்க்கப்பல்கள் ஐந்து, ஆளுக்கொரு பலகை போட்டு சொகுசாகப் படுத்திருந்தன. நாலு காசு சம்பாதித்துத் தரும் தையல் மெஷினுக்கு இடம் அடுப்படியில், எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட வேண்டுமென்றால் அவள் துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒரு நாள் வாடிக்கைக்காரி ஒருத்தி புதுச் சட்டையை வாங்கி மோந்து பார்த்து, "என்னக்கா, இன்னைக்கு வெங்காயம் வதக்குனீங்களா?" என்று கேட்டாள். தையல்காரிக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. அன்றைக்கே அறையைக் கேட்டாள்.

"கப்பலையெல்லாம் எங்க வைக்கறது? அதுங்களுக்கு ஈரம் ஆகாது," என்றார் அட்மிரல்.

தண்ணீரில் ஓடுகிற சாமானுக்கு ஈரம் ஆகாதாம். அவள் விடவில்லை. மூன்று மாதம் சோற்றோடு சேர்த்துப் பேச்சும் பரிமாறினாள். கடைசியில் நச்சரிப்பு தாங்காமல் அவர், தன் கப்பல் விளையாட்டுச் சங்கத்து ஆட்கள் முன்னாலேயே வாக்குக் கொடுத்தார். "இந்த வருஷப் போட்டியில என் கப்பல் முழுகட்டும், ரூமை உனக்கே விட்டுடறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் கப்பல் முழுகிப் பல வருஷம் ஆகியிருந்தது.

அது ஏன் முழுகுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். இந்தக் கப்பல் சண்டைப் போட்டியே ஒரு கூத்து. பூங்காக் குளத்தில், தொப்பை விழுந்த ஆண்பிள்ளைகள் கரையில் நின்றுகொண்டு, ஒருவர் கப்பலை இன்னொருவர் கப்பல் சுடும்படி பொத்தானை அமுக்குவார்கள். கப்பலுக்குள் இருக்கும் குட்டித் துப்பாக்கி, மிளகு அளவு இரும்புக் குண்டுகளைத் துப்பும். குண்டு துளைக்க வேண்டும் என்பதற்காகவே கப்பலின் பக்கங்களை மெல்லிய தக்கை மரத்தில்தான் போட வேண்டும் என்பது சங்கத்துச் சட்டம். அதன்மேல் பட்டுத் துணியை ஒட்டி வார்னிஷ் பூசிக்கொள்ளலாம். துணி சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டப்பட்டிருந்தால், குண்டு பாய்ந்தாலும் மரம் பிளக்காது. ஓட்டை சின்னதாக நிற்கும், உள்ளே இருக்கும் பம்ப்பு வருகிற தண்ணீரை வெளியே கொட்டிவிடும். சுருக்கம் இருந்தால் கிழிந்துகொண்டே போகும்.

ஒரு காலத்தில் அட்மிரல் துணி ஒட்டுகிற லட்சணத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவள் அதைப் பிடுங்கினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு போட்டிக்கும் சல்லடையாகி வருகிற மரத்தை உரித்து, புது மரம் வைத்து, துணி ஒட்டுவது அவள் வேலையாகிவிட்டது. அவர் மோட்டாரைக் கழற்றுவார், மாட்டுவார், பீரங்கிக்குச் சாம்பல் நிறம் அடிப்பார், தள்ளி நின்று அழகு பார்ப்பார். இந்த வருஷம் துணியைக் கையில் எடுத்தபோது, வேண்டுமென்றே இரண்டு சுருக்கம் விட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. கை கேட்கவில்லை. தைத்துப் பிழைக்கிற கைக்கு அது வராது. கண்ணாடி மாதிரி ஒட்டிக் கொடுத்தாள், தன் அறையைத் தானே தாரை வார்த்துவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சங்கத்தில் அட்மிரலுக்கு ஜென்ம எதிரி ஒரு பல் டாக்டர். போட்டியின் இரண்டு சுற்றுக்கு நடுவே ஓட்டைகளை அடைக்கக் கொஞ்சம் நேரம் உண்டு. அப்போது டாக்டருக்கு அவர் மச்சினன் உதவுவான், மச்சினன் கைராசிக்காரன். அது பொறுக்காமல் அட்மிரல் இந்த வருஷம் கூட்டத்தில் எழுந்து நின்று சட்டம் கொண்டுவந்தார். இடைவேளையில் கப்பல்மேல் கேப்டன் கை மட்டுமே படலாம், வேறு யார் கை பட்டாலும் தோல்வி. எல்லோரும் கைதட்டினார்கள். தன் கப்பலுக்கு இடைவேளையில் இத்தனை வருஷமாக ஓட்டை அடைத்தது யார் என்பது அந்த மேதாவிக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. செய்கிறவள் வாய் பேசாத பம்ப்பு என்று நினைத்துவிட்டார்போல.

முதல் சுற்றில் டாக்டர் கப்பல் இவர் கப்பலின் விலாவைப் பொத்தலாக்கிவிட்டது. ஏழெட்டு ஓட்டை. ஆனாலும் மிதந்தே கரை சேர்ந்தது. ஆட்கள் சூழ்ந்துகொண்டு விலாவைக் குனிந்து பார்த்தார்கள். "இத்தனை குண்டு வாங்கியும் ஒரு இடத்துல கூடக் கிழியலையே. யாரு சார் ஒட்டுனது?" என்று கேட்டார் ஒருவர்.

தையல்காரி இரண்டடி தள்ளித் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள். அட்மிரல் அவளைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "எல்லாம் பத்து வருஷப் பழக்கம் சார்."

அவள் பாட்டில் மூடியை இறுக்கித் திருகினாள்.

இடைவேளை மணி அடித்தது. அட்மிரல் துணித் துண்டுகளையும் பசையையும் எடுத்துக்கொண்டு குந்தினார். விலா சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. முதலில் அதைத் துடைத்து, ஸ்பிரிட் தடவி, ஊதிக் காயவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் துணி. இவரோ ஈர மரத்தின்மேல் பசையைக் கொட்டி, துண்டுகளை அப்பு அப்பென்று அப்பினார். விரலில் பாதி ஒட்டிக்கொண்டது. நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். துடைங்க என்று ஒரு வார்த்தை போதும். கை படக்கூடாது என்றுதான் சட்டம். வாய்க்குத் தடை இல்லை. இருபது வருஷமாக ஓயாத அவள் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. தொண்டை வரைக்கும் வந்த வார்த்தையை ஒரு மடக்குத் தண்ணீரோடு உள்ளே தள்ளினாள்.

இரண்டாம் சுற்றில் டாக்டர் சுடக்கூட வேண்டியிருக்கவில்லை. கப்பல் ஒரு வளைவு திரும்பியது, துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன. பம்ப்பு தன்னால் முடிந்த மட்டும் கொட்டிப் பார்த்தது. பிறகு கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பீரங்கி புகைபோக்கி எல்லாவற்றோடும் போய்ச் சேர்ந்தது. அட்மிரல் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு குளத்தில் இறங்கி, சேற்றில் துழாவி அதை எடுத்து வந்தார். "துணி மட்டமான துணி சார்," என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னார்.

வீடு திரும்பும்போது வண்டியின் பின் இருக்கையில் கப்பலை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். சேறு புடவையில் சொட்டியது. வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் கேட்டார்.

"ஈரத்துல ஒட்டுறேன்னு தெரிஞ்சுதா உனக்கு?"

"தெரிஞ்சுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஒட்டுனது யாருன்னு அந்த ஆள் கேட்டப்போ நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நானும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். ரூம் உங்களுக்கே இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

அவர் சாவிக்கொத்திலிருந்து அறைச் சாவியைக் கழற்ற ஆரம்பித்தார். விரலில் காய்ந்திருந்த பசை சாவியிலும் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அவள் கப்பலைக் கீழே வைத்துவிட்டு, தானே கழற்றி எடுத்துக்கொண்டாள்.