முனிகிருஷ்ணன் இறக்கிய திரை

பழவேற்காட்டு ஏரியில் பாய் கட்டிப் படகு ஓட்டிய முனிகிருஷ்ணனுக்கு நாடகத்தில் பெரிய ஆசை எதுவும் கிடையாது. கயிறு பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். அதை நம்பித்தான் 1968 பொங்கலுக்குப் பொன்னேரி நாடகத்தில் திரை இழுக்க அவரைக் கூட்டிப் போனார்கள்.

நாடகத்தை எழுதியவர் வட்டாரக் கட்சித் தலைவர் சடையப்பன். கவிதை எழுதுவார், ஆர்மோனியம் வாசிப்பார், தேர்தல் சமயத்தில் சின்னம் வரையப் போன சுவரில் பக்கத்திலேயே ஒரு மயிலையும் வரைந்துவிட்டு வருவார். அவர் நாடகங்களில் ராஜா வேஷம் இதுவரை வேறொருவருக்குப் போனதில்லை. இந்த முறை குத்துப்பட்ட ராஜா சாகுமுன் பேசும் வசனம் மட்டும் ஒன்பது பக்கம்.

மூன்று மணிக்குத் தொடங்கிய நாடகத்தில் ராஜா குத்துப்பட்டபோது ஆறேகால். பழவேற்காட்டுக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு. முனிகிருஷ்ணன் படுதா ஓரமாக எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் அவர் மனைவி அஞ்சம்மாள் ஸ்டியரிங் பிடிப்பதுபோலக் கையைச் சுழற்றி ஜாடை காட்டினாள். அவளுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் கூடைகளோடு எழுந்துகொண்டிருந்தார்கள். மேடையில் ராஜா தாய்நாட்டிடம் விடைபெற்று முடித்து, குதிரையிடம் விடைபெற ஆரம்பித்திருந்தார். மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார்.

முனிகிருஷ்ணன் கயிற்றை விட்டார்.

"யாருய்யா இறக்குனது?" செத்துக்கொண்டிருந்த ராஜா எழுந்து உட்கார்ந்தார்.

"நான்தான் தலைவரே. மூச்சு நின்னுபோச்சுன்னு நெனச்சிக்கினேன்."

"இன்னும் நாலு பக்கம் கீதுய்யா."

"வெளிய கேளுங்க. கைதட்டிக்கினே கீறாங்க."

சடையப்பன் காது கொடுத்துக் கேட்டார். மிச்ச நாலு பக்கமா, கைதட்டலா என்று கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு ஒட்டுமீசையைச் சரிசெய்துகொண்டு திரைக்கு முன்னால் போய்க் கும்பிட்டார்.

"குதிரைகிட்ட பேச வந்து, பேச முடியாம செத்தீங்களே, அங்கதான் எனக்கு அழுகை வந்திடுச்சு" என்றார் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வீரராகவன்.

"அது ஒரு உத்தி" என்றார் சடையப்பன்.

அடுத்த மாதமே முனிகிருஷ்ணன் வீட்டு வாசலில் கட்சி ஜீப் வந்து நின்றது. "இதுல எங்க திரை இறக்கலாம், சொல்லுய்யா" என்று தலைவர் புதிய நாடகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து உரக்க வாசித்தார். முனிகிருஷ்ணன் மரியாதைக்குத் தலையாட்டினார். மீன் ஆய்ந்துகொண்டிருந்த அஞ்சம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"ராணி இன்னாத்துக்கு இம்மா நேரம் அழுவுறா? ஊட்ல வேலை இல்லியா அவளுக்கு?"

சடையப்பன் முகம் சிவந்தது. ஜீப் வரை போனார். திரும்பி வந்து, பேனாவைத் திறந்து இரண்டு பக்கங்களை அடித்தார். அதிலிருந்து எந்த நாடகமானாலும் முதலில் அந்த வீட்டில்தான் வாசிப்பு. அஞ்சம்மாள் இரக்கம் காட்டியதே இல்லை. வாசித்துக் களைத்தவருக்கு இறால் குழம்பு மட்டும் தாராளமாக ஊற்றுவாள்.

1974இல் நாடகங்கள் புத்தகமாக வந்தன. முன்னுரையில் அவள் பெயர் இருந்தது. முனிகிருஷ்ணன் பெயர் இல்லை. அதற்காக அவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாத்தியாரைக் கூட்டிவந்து, மனைவிக்கு முன்னால் அந்த முன்னுரையை முழுக்க வாசிக்க வைத்தார்.

அடுத்த முறை வந்த சடையப்பன், புத்தகத்தைப் பற்றி அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று ஆவலோடு உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத்தான் கீது தலைவரே" என்றாள் அஞ்சம்மாள். "முன்னுரைதான் கொஞ்சம் நீளம்."