அம்மா போட்ட சர்வீஸ்

எங்கள் அப்பாவின் வாலிபால் டீம் ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிடும். நெய்வேலியில் பிளாக்குக்குப் பிளாக் நடக்கும் போட்டி அது. மைன்ஸில் வேலை பார்க்கிற ஆறு பேர்; ஆறு பேருக்கும் லேசான தொப்பை. தோற்ற மறுநாளே, ஷிப்ட் முடிந்து வந்த உடுப்போடு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா மைதானத்துக்குப் போய்விடுவார். அடுத்த வருடத்துக்கான பயிற்சியாம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

புயல் டவுன்ஷிப் மரங்களைச் சாய்த்துப் போட்டதற்கு அடுத்த வருடப் பொங்கலில், யாரும் எதிர்பாராத விதமாக, முதல் ஆட்டத்தை அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. அரையிறுதி மதியம். எப்படியும் காலையிலேயே வெளியேறிவிடுவோம் என்ற நம்பிக்கையில், டீமிலிருந்த நெட்டை மாமா செகண்ட் ஷிப்டை மாற்றிக்கொள்ளாமல் வந்திருந்தார். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியேறிப் போனார். மாற்று ஆள் கிடையாது. ஐந்து பேரோடு ஆட விடமாட்டேன் என்று நடுவர் சொல்லிவிட்டார்.

மைதானத்தோரம் பிழைத்திருந்த ஒரே வேப்பமரத்தடியில் என்னோடு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து போனாள். சேத்தியாத்தோப்பில் பள்ளிக்கூடம் படித்தபோது அவள் வாலிபால் ஆடியவள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. "சேலையிலயா?" என்று மட்டும் கேட்டார்.

"இழுத்துச் செருகிக்கிறேன். நீங்க பந்த வுடாம பாத்துக்கங்க."

எதிரணித் தலைவர் சிரித்தபடி தாராளமாகச் சம்மதித்தார். அம்மாவின் முதல் சர்வீஸ் வலைக்கு அடியில் உருண்டது. கூட்டம் சிரித்தது. எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. மறுபடி அவள் முறை வந்தபோது, பந்து வலையை உரசிக்கொண்டு போய் இரண்டு பேருக்கு நடுவே விழுந்தது. அதற்கடுத்தது அந்தத் தலைவரின் காலடியில். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார். வேடிக்கை பார்த்த பெண்களெல்லாம் எழுந்துவிட்டார்கள். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. அப்பாவோ தன் பக்கம் வந்த பந்தை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு நடுமைதானத்தில் வைத்து அம்மாவிடம் திட்டும் வாங்கினார்.

கடைசி செட்டில் மயிரிழையில் தோற்றோம்.

வீட்டுக்கு வந்து நான் அழுதேன். அம்மா குழாயடியில் நின்று, சிவந்து வீங்கியிருந்த முன்கைகளை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"தோத்துட்டோமேம்மா."

"ஆமா, தோத்துட்டோம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, நாளைக்கு எத்தனை மணிக்குப் பயிற்சி என்று அப்பாவிடம் கேட்டாள்.

அதுவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் 'உங்கப்பா டீம் தோத்துடுச்சு' என்றுதான் அவள் சொல்லுவாள். அன்று சொல் மாறியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. தோற்றுவிட்டு வந்து இவளுக்கு என்ன இத்தனை சிரிப்பு என்று கோபித்துக்கொண்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டேன்.