மாமா வாசல் அல்ல

அக்கராயனில் எனக்குத் தந்த காணியில் முதலில் நின்றது பாலையும் வீரையும் முள்ளுப் பற்றையும்தான். அதை வெட்டி வயலாக்கியவன் நான். அடியில் பாறை கிடந்த இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவன் நான். மலேரியாக் காய்ச்சலில் பல்லு அடிக்க அடிக்க வரம்பு கட்டினேன். யானை பிடுங்கி எறிந்த வேலியைத் திரும்பத் திரும்ப நட்டேன்; கடைசியில் யானைதான் களைத்துப் போனது. வண்டில் செய்தேன், மாட்டுப்பட்டி அடைத்தேன், சூடடிக்கக் களம் போட்டேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பை எட்டிப் பார்த்ததோடு என் படிப்புச் சரி. 'இவனாலே ஏலாது' என்று சொன்ன ஆட்கள் பிறகு என்னிடம்தான் விதைநெல்லுக்கு வந்து நின்றார்கள்.

இவ்வளவுக்கும் ஒருவரும் பங்கு கேட்டு வரவில்லை. 'அந்த யானையைக் கலைத்தது நான்' என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் என் வீட்டுப் பின்பக்கத்தில் நிற்கிற ஒரு வாசலுக்கு மாத்திரம் வேறொருவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் என் மனுசியின் தமையன். யாழ்ப்பாணத்தில் கந்தோரில் கிளாக்கர் வேலை. வெள்ளை வேட்டி, நல்ல உயரம், அந்த உயரத்துக்கு மேலேயும் ஒரு எடுப்பு. எங்களைப் பார்க்க வருவதென்றால் கிளிநொச்சியில் றெயிலால் இறங்கி, நான் வண்டில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். வழி நெடுகத் தூசி என்று லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்.

என் மூத்தவள் சாமத்தியப்பட்டுப் பெரியபிள்ளை ஆனபோது ஆள் அனுப்பினோம். தாய்மாமன் வந்து பால் அறுகு வைத்துத் தண்ணீர் வார்க்க வேண்டும்; அது எங்கள் வழக்கம். அவர் தன் பெண்சாதி, தன் மாமியார், இன்னும் நாலு சொந்தத்தோடு வந்து இறங்கினார். கிணற்றடியைப் பார்த்தார். அப்போது எங்களிடம் இருந்தது கிடுகு மறைப்பு. கால் வைக்கிற இடமெல்லாம் சேறு. குசினி மண் குடிசை, புகை போக வழியில்லை. உடுப்புத் தோய்ப்பது வாய்க்கால் கட்டில். கமம் செய்கிற சனம் அப்படித்தான் இருந்தோம்.

அவருடைய பெண்சாதி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னா:

"ஐயோ, இந்த மாட்டுக்கொட்டிலுக்கை வைச்சே பிள்ளைக்குத் தண்ணி வாக்கிறது?"

வந்த சனம் சிரித்தது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா, அது இன்னும் மோசம். மச்சான் என் தோளில் கையைப் போட்டார். "நீர் குறை நினைக்காதையும் மச்சான். பிள்ளையை நாங்கள் கூட்டிக்கொண்டு போறம். எங்கடை வீட்டிலை சீமெந்துத் தரை இருக்கு. எல்லாம் வடிவாச் செய்வம்."

செய்தார்கள். என் பிள்ளையின் சடங்கில் நான் விருந்தாளி. பந்தியில் ஒரு ஆள் என்னைப் பார்த்து, "நீங்கள் பொம்பிளைப்பிள்ளைக்கு என்ன முறை?" என்று கேட்டான். தகப்பன் என்றேன். அவன் நம்பினதாகத் தெரியவில்லை. திரும்பி வரும்போது றெயிலில் என் மனுசி என் பக்கத்தில் இருந்தா. ஆனையிறவு தாண்டினபிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

"சின்னவளை இப்பிடிக் குடுக்க மாட்டன்," என்றா.

"குடுக்க விடவும் மாட்டன்," என்றேன் நான்.

சின்னவளுக்கு நேரம் எப்போது வரும் என்று யார் கண்டது? அதற்கு முன்னம் குசினி, தோய்க்கிற இடம், குளிக்கிற அறை மூன்றும் கல்லால் எழும்ப வேண்டும். அந்தத் தாய்மாமன் என் வளவுக்குள் வந்து, என் கூரைக்குக் கீழே நின்று, என் தண்ணீரை அள்ளி என் பிள்ளைக்கு வார்க்க வேண்டும். சிரித்த ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

கையில் காசு மட்டுமட்டு. பேப்பரில் கீறத் தெரியாது. நான் என்ன செய்தேன் என்றால், மனுசியைக் குடத்தோடு நடக்கச் சொன்னேன். "கிணத்திலை தண்ணி அள்ளு, அடுப்படிக்குப் போ, உடுப்பை எடு, தோய்க்கப் போ, பேந்து குளிக்கப் போ." அவா நடக்க நடக்க நான் பின்னால் போய்த் தடி குத்தினேன். அவா இரண்டு தரம் நடந்த பாதையைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "இவ்வளவு நடை வேண்டாம். ஒரு சுவர் போதும்." ஒரே சுவர், அதற்கு இந்தப் பக்கம் குசினி, அந்தப் பக்கம் குளிக்கிற அறை, சுவர் முடிகிற இடத்தில் ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கித் தோய்க்கிற கல். கிணற்றுத் தொட்டியில் ஊற்றினால் தண்ணீர் தானாகச் சுவருக்கு வரும், குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். இப்போது பெரிய படிப்புப் படித்தவர்கள் இதைத்தான் புதுசு என்று சொல்கிறார்கள்.

குளிக்கிற அறை எவ்வளவு பெரிது என்பதற்கு நான் அடிக்கோல் பிடிக்கவில்லை. பனையோலைக் கடகங்களைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தேன். நடுவில் ஒரு பலகை, அது பிள்ளை இருக்க. பலகைக்குப் பக்கத்தில் மச்சானுக்கு ஒரு கடகம். பிறகு சிரித்த ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று.

மனுசி இடுப்பில் கை வைத்துப் பார்த்தா. "என்னப்பா இது, குளிக்கிற அறையோ கூத்துக் கொட்டகையோ?"

"சிரிச்ச சனம் நிக்க வேணும்."

அவா கடகங்களை எண்ணிப் பார்த்தா. பிறகு போய் இன்னொரு கடகம் எடுத்துவந்து கவிழ்த்தா. "அப்ப மாட்டுக்கொட்டில் எண்டு சொன்ன என்ரை மச்சாளுக்கு ரண்டு வையுங்கோ. அவா கொஞ்சம் பெருத்தவா."

அந்த அளவுக்கு அத்திவாரம் வெட்டினேன். அறை பெருத்ததால் குசினி சிறுத்தது. மனுசி விடவில்லை, புகைக்கூடும் கச்சான் காற்றுக்கு முதுகு காட்டின யன்னலும் வேண்டுமென்று வாங்கிக்கொண்டா. செங்கல்லு நானே அறுத்துச் சூளை வைத்தேன். வீட்டு முன் விறாந்தை ஓடுகளைக் கழற்றிப் பின்னுக்குப் போட்டுவிட்டு, முன்னுக்குக் கிடுகு வேய்ந்தேன். தெருவால் போன ஆட்கள் கேட்டார்கள்: "என்ன, வீட்டைத் திருப்பிப் போட்டிட்டியோ?" "ஓம், வாற விருந்து பின்னாலைதான் வரும்," என்றேன். தோய்க்கிற கல்லைக் காட்டுக்குள் பார்த்துவைத்து, எருமைகளைப் பூட்டி இழுத்துவந்தேன். வழியில் ஒரு எருமை படுத்துக்கொண்டது. அதற்கும் மச்சானின் கதையைச் சொன்னேன்; எழும்பியது. சீமெந்து ஒன்றுதான் காசு குடுத்து வாங்கியது. அதையும் குளிக்கிற அறைத் தரைக்கே போட்டேன். சீமெந்துத் தரை என்றுதானே என் பிள்ளையைக் கொண்டுபோனார்?

இனி வாசல்.

மாங்குளத்தில் உடைத்த ஒரு பழைய வீட்டின் நிலை மலிவாக வந்தது. நல்ல முதிரை, ஆணி இறங்காது. வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்து சுவரோடு சாய்த்துப் பார்த்தேன். மச்சான் நிமிர்ந்து நடந்து போகலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் என்னைவிட ஒரு சாண் உயரம். வாளை எடுத்து நிலையின் இரண்டு காலிலும் ஒரு சாண் அறுத்தேன். அதற்கு மேல் மச்சானின் எடுப்புக்கு என்று இரண்டு விரல்.

வாள் சத்தத்துக்கு மனுசி ஓடிவந்தா. "நல்ல நிலையை ஏன் அறுக்கிறியள்?"

"அடி உக்கிப்போச்சு."

அவா அறுத்த துண்டைத் தூக்கி நகத்தால் குத்திப் பார்த்தா. இரும்பு மாதிரி. என்னைப் பார்த்தா, வாசலைப் பார்த்தா.

"அண்ணை குனியோணும். அதுதானே?"

"உனக்கும் எனக்கும் தலை தட்டாது. நாங்கள் கட்டை."

"எனக்கு ஒண்டும் தெரியாது," என்று சொல்லிவிட்டு அந்தத் துண்டுகளைக் கொண்டுபோனா. மறுநாள் பார்த்தால் அடுப்படியில் அவா இருக்கிற பலகைக்கு அதுதான் கால். இந்த வாசல் விசயத்தில் அவாவுக்குப் பாதி, எனக்குப் பாதி. அதை நான் மறுக்கவில்லை. மூன்றாவது ஆளுக்கு ஒரு தூசியும் இல்லை.

தரை காய்ந்து, கதவு போட்டு, ஒரு மாரியும் போனது. பிறகு சின்னவளுக்கு நேரம் வந்தது. ஆள் அனுப்பினேன்: தண்ணீர் வார்வை இங்கேதான், தாய்மாமன் வந்து செய்யட்டும் என்று. வந்தார்கள், அதே சனம் அப்படியே. தரையை மச்சானின் பெண்சாதி காலால் தடவிப் பார்த்தா, சேலையைத் தூக்கிப் பிடிக்கவில்லை. மாமியார் இந்தமுறை வாயைப் பொத்தவில்லை, பொத்த வேண்டிய சிரிப்பு வரவில்லை. எல்லாரும் உள்ளே நின்றார்கள். நான் கடகம் கவிழ்த்த இடங்களிலேதான் நின்றார்கள் என்று எனக்குப் பட்டது. பிள்ளை பலகையில் குந்தியிருந்தாள்.

மச்சான் பால் அறுகுத் தட்டோடு வாசலுக்கு வந்தார். நின்றார். மேலே பார்த்தார். பிறகு, என் பிள்ளைக்கு முன்னால், சிரித்த சனத்துக்கு முன்னால், குனிந்தார். நல்ல குனிவு. நான் உள்ளே நேர் எதிரே நின்றேன். அந்த இடத்தை எனக்கென்று முன்னமே பார்த்து வைத்திருந்தேன். நான் வெட்டின காடு, கட்டின வரம்பு எல்லாவற்றுக்கும் கூலி அந்த ஒரு கணத்தில் வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்தார். சனம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு கிழவர், "என்ன, வாசல் பதிஞ்சு கிடக்கு?" என்று கேட்டார்.

மச்சான் சிரித்தார். "நான்தான் மச்சானுக்குச் சொன்னனான். தலை குனிஞ்சு உள்ளுக்கு வந்தாத்தான் வீட்டிலை லட்சுமி நிப்பா. பழைய ஆக்கள் அப்பிடித்தான் வைச்சவை. ஒரு சுவரிலை மூண்டையும் கட்டச் சொன்னதும் நான்தான்."

"அதுதானே பாத்தன், படிச்ச மூளை," என்றார் கிழவர்.

நான் வாயைத் திறந்தேன். எதிர்ப்பக்கம் நின்ற மனுசி தலையை ஆட்டினா, வேண்டாம் என்று. என்னத்தைச் சொல்வது? 'இல்லை, இவரைக் குனிய வைக்கத்தான் அறுத்தேன்' என்றா? பால் அறுகு அவர் கையில், அந்தக் கை என் பிள்ளையின் தலையில். தட்டைப் போட்டுவிட்டு அவர் போனால் சடங்கு நின்றுபோகும். விழுங்கினேன். பாவற்காய்கூட அவ்வளவு கைக்காது.

அன்றிலிருந்து சனம் அதற்கு மாமா வாசல் என்று பேர் வைத்தது. அயலில் குளிக்கிற அறை கட்டினவர்கள் எல்லாரும் வந்து என் வாசலை அளந்துகொண்டு போய், "மாமா வாசல் மாதிரி" என்று மரவேலை ஓடாவியிடம் சொன்னார்கள். என் பேரப்பிள்ளைகளும் "மாமா வாசலாலை வா" என்கிறார்கள். மச்சான் போனபோது செத்தவீட்டில் ஒருவர் எழும்பி, வன்னியில் தங்கைச்சிக்கு வீடு திட்டம் போட்டுக் கொடுத்த அண்ணன் என்று பேசினார். சனம் மூக்கைச் சிந்தியது. நான் அப்போதும் விழுங்கினேன். செத்தவீட்டில் வழக்குப் பேசக்கூடாது.

இப்போது செத்தவீடு முடிந்துவிட்டது. அவர் ஒரு தடியும் குத்தவில்லை, ஒரு கல்லும் அறுக்கவில்லை. அந்த வாசலில் அவர் செய்தது ஒரே ஒரு வேலை, குனிந்தது. அதை நான் குறைக்கவில்லை, நன்றாகத்தான் குனிந்தார்.

ஆகவே பிள்ளைகளுக்கும் அயலுக்கும் சொல்கிறேன். மாமா வாசல் என்ற பேச்சை இன்றோடு விடுங்கள். அந்த நிலையை அறுத்தவன் நான். ஏன் அறுத்தேன் என்றும் இப்போது எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்: இது அப்பாவின் வாசல், மாமாவைக் குனிய வைக்க அறுத்தது. என் பேரை அரைகுறையாகச் சொல்ல வேண்டாம், முழுதாகச் சொல்லுங்கள்.